எம்.சி. இரண்டு நாள்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குள் நுழைய
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு,
இரண்டு சோடிக் கையுறை,
நாலு பக்கமும் காற்று அடித்துத் துடைக்கும் குட்டி அறை.
ஒரு பொடுகு விழுந்தாலும்
சில்லுத் தகடு குப்பைக்கு.
ஆறு வருஷமாய் அங்கே தூசு எண்ணுகிறவள் நான்.

கிருமி வந்தது கம்பெனி பஸ்ஸில்.
ஏர்கோன் ஒழுகும் மூன்றாவது வரிசை.
யார் தும்மியதென்று தெரியாது,
சூப்பர்வைசர் சொக் ஹுவாவாய் இருக்கலாம்,
நானாகவும் இருக்கலாம்.

தூக்கம் பிடிக்காத ராத்திரியில்
போனில் தேடித் தேடி வாசித்தேன்.
சளி என்று நான் முகம் சுளித்ததெல்லாம்
ஒட்டுப்பொறியாம்.
அதனடியில் கோடி நுண்மயிர்கள்
ஒரே திசையில் துழாவித் துழாவி
அகப்பட்டதைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன,
ஷிப்டு முடிந்த காரிடாரை
சாந்தகுமாரி மாப் போட்டுத் தள்ளுவது மாதிரி.

ஒன்று தப்பியது.
ஒரு செல்லுக்குள் புகுந்து
தன்னையே நகலெடுக்கத் தொடங்கியது.

அந்தச் செல்லுக்கு
வந்தவனின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
இப்படி இரட்டைப் புரியாய் முறுக்கிய நீளச் சரடு
நம் வீட்டில் கிடையாது,
அது மட்டும் தெரியும்.
சாவதற்குள் ஓடி ஓடி
அண்டை வீட்டுக் கதவுகளைத் தட்டியது.
எங்கள் ரெலாவ் அடுக்ககத்தில் கேஸ் வாடை வந்த இரவு
செருப்பைக் கையில் எடுத்து
கல்சோம் அக்கா தட்டினாளே,
அந்தத் தட்டல்.
என்னைப் பார்க்காதே, அடுப்பை அணை.
இனி ஒன்றும் சமைக்காதே.
வந்தவன் பட்டினி கிடக்கட்டும்.

அந்தச் சத்தம்தான்
இப்போது என் முழங்காலில், இடுப்பில்,
கண்ணுக்குப் பின்னால்.
இத்தனை நாள் வலி கிருமியுடையது என்றிருந்தேன்.
வலி எங்களுடையது.
முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது,
அதுவும் நாங்களே மூட்டியது.

பிறகு ரோந்துக்காரர்கள் வந்தார்கள்.
ஒவ்வொரு செல் வாசலிலும் நின்று
ஐ.சி. எங்கே என்பார்கள்.
கிருமி புகுந்த வீட்டில்
பல நேரம் அட்டைதான் முதலில் காணாமல் போகும்.
காட்ட முடியாதவனை நின்ற இடத்திலேயே துளைப்பார்கள்.
விசாரணை இல்லை.

இந்த இடத்தில் போனைக் கவிழ்த்துவிட்டுப் புரண்டு படுத்தேன்.
அம்மா கூலிமில் பிறந்தவள்.
ஐம்பத்திரண்டு வயதுவரை சிவப்பு ஐ.சி.
சாலைத் தடுப்பு கண்ணில் படும் முன்னே
கைப்பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள்.
என்னைப் பிழைக்க வைக்கிற ஒன்று
அவள் மடியில் டார்ச் அடித்தவர்களைப் போலவே
வேலை செய்கிறது.
என்ன சொல்வது.
எழுந்துபோய்ச் சிங்கில் துப்பினேன்.

மஞ்சளில் கொஞ்சம் பச்சை.
பச்சை கிருமியின் நிறமில்லை.
கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்து
கிடைத்ததையெல்லாம் எரித்துவிட்டு
ஓரிரு நாளில் செத்துப்போகும் வெள்ளணுக்களின்
சொந்த நிறம் அது.
குழாயைத் திறக்கக் கை வரவில்லை.
பிறகு திறந்தேன்.

வாரக் கடைசிக்குள் வேறு சிலர் வருவார்களாம்.
குறிப்பெடுப்பவர்கள்.
வந்தவனின் முகத்தை வரைந்து
வருஷக்கணக்காய்க் கோப்பில் வைப்பவர்கள்.
தடுப்பூசி அட்டையில் பேர் வாங்குகிறவர்களும் அவர்களே.
முதல் நாலு நாள் நின்றவற்றைப்
பற்றி எந்த அட்டையிலும் ஒரு வரி இல்லை.

டாக்டர் செல்லையா கொடுத்தது
பனடோல் பத்து, எம்.சி. இரண்டு நாள்.
மூன்றாம் நாள் ஆறு இருபதுக்கு பஸ் ஏறினேன்,
அதே மூன்றாவது வரிசை.
வெள்ளை உடுப்பு. கையுறை. காற்று அடித்தது.
மஞ்சள் வெளிச்சத்தில் மானியைப் பார்த்து
தூசு பூஜ்யம் என்று எழுதினேன்.

எழுதும்போது முகமூடிக்குள் ஒரு தடவை இருமினேன்.
அது எண்ணிக்கையில் வராது.